நூற்றுப் பன்னிரண்டாவது பத்தி

பெரியவர் அந்தப் புகைப்படத்தை அச்சுப்படியின் மேலேயே வைத்தார். கரையில் கவிழ்த்துப் போட்ட படகுகள், பக்கத்தில் கந்தலாகிப்போன ஒரு வலை.

பதிப்பாசிரியைக்குப் புரிந்துவிட்டது. சர்வதேச வழக்குகளின் தீர்ப்புகளைத் தொகுத்து வருடம் ஒரு தொகுதி போடும் அலுவலகம் அது. ஜெயித்தவர்கள் பிரதி கேட்டு வருவார்கள், தோற்றவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வருவார்கள். பேரைக்கூடக் கேட்காமல் இவரை இரண்டாவது வரிசையில் சேர்த்துவிட்டாள்.

"அந்தத் துறைமுகத் தீர்ப்பை மட்டும் எடுத்துடும்மா."

"நாளைக்கு அச்சுக்குப் போகுது ஐயா. ஆறு வருஷமா ரகசியமா இருந்த தீர்ப்பு. ரெண்டு தரப்பும் இப்பத்தான் வெளியிடச் சம்மதிச்சிருக்காங்க."

"மீன் பிடிக்கிறவங்களை யாரும் கேட்கலையே."

"அவங்க இந்த வழக்குல தரப்பே இல்லையே."

அது உண்மைதான். துறைமுகம் கட்ட வந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில், நீதிமன்றத்துக்குப் போகாமல், ஒரே ஒரு நடுவர் உட்கார்ந்து தீர்த்து வைத்த வழக்கு. பறிபோன கரை மட்டும்தான் மீனவர்களுடையது. சொன்னபிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அதே கம்பெனி இப்ப இன்னொரு கரையைக் கேட்டு வழக்குப் போட்டிருக்கும்மா. அங்க முந்நூறு குடும்பம். அடுத்த மாசம் விசாரணை. உங்க புத்தகம் வந்துட்டா, அவங்க வக்கீல் எழுந்து நூத்திப் பன்னிரண்டாவது பத்தியைப் படிப்பான். அதோட முடிஞ்சுது."

அவள் அந்தப் பத்தியைத் தேடுவதற்குள் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிட்டார். "தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தார்கள் என்பது பழக்கமே தவிர உரிமை ஆகாது. பழக்கத்தை இடம் மாற்றிக்கொள்ளலாம்."

"ரெண்டாவது வரி இதுல இல்லையே?"

"விட்டுப்போயிருக்கு. மூலத்துல பாரு."

பார்த்தாள். இருந்தது. நாலு பேர் திருத்தியும் கண்ணில் படாத வரி. நன்றி சொல்லிவிட்டுச் சிவப்பு மையில் எழுதிச் சேர்த்தாள். பாவம், அடிபட்ட மனுஷன் எப்படியோ கேட்டு மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"உங்க வீடும் போச்சா ஐயா?"

"எனக்கு ஒண்ணும் போகலை. போன மாசம்தான் அந்தக் கரையை முதல் தடவையா பார்த்தேன். அப்ப எடுத்த படம் இது."

அப்படியானால் ஏதோ சங்கத்துக்காரர். இருந்த கொஞ்சம் இரக்கமும் வடிந்துவிட்டது. அச்சகத்திலிருந்து வேறு போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"வர்றவங்க போறவங்க சொல்றதுக்கெல்லாம் தீர்ப்பை எடுத்தா, தொகுதியில அட்டைதான் ஐயா மிஞ்சும். இதை எழுதின நடுவரையே நீங்க கூட்டிட்டு வந்தாலும் எடுக்க மாட்டோம்."

பெரியவர் படத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்து நிற்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அவரைத்தாம்மா கூட்டிட்டு வந்தேன்."