இறங்காத அழுத்தம்

நாலு விதமான மாத்திரை எழுதிக் கொடுத்தும், எதிரே மனைவியுடன் உட்கார்ந்திருந்தவரின் ரத்த அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்று டாக்டருக்குப் புரியவில்லை.

"சிறுநீரகத்துக்குப் போற ரத்தக்குழாயைச் சுத்தி இருக்கற நரம்பும் அழுத்தத்தை ஏத்திவிடும். தொடை வழியா மெல்லிய குழாயை விட்டு அந்த நரம்பைச் சுட்டுடலாம். முதல்ல, மருந்து உடம்புல சேருதான்னு சிறுநீரைச் சோதிக்கணும்."

"அட்டை அட்டையா தீருதே டாக்டர்!" என்று எழுந்த மனைவி, தலைசுற்றி மேசையைப் பிடித்தாள்.

"மகாராணி சரியாச் சாப்பிடறதில்ல. நான் போடுற டீதான் இவளை நிமித்துது" என்று கணவர் சிரித்தார்.

அவருடைய சிறுநீரில் மருந்தின் சுவடே இல்லை. டாக்டர் மனைவியின் அழுத்தத்தைப் பார்த்தார், அதலபாதாளத்தில் இருந்தது. அவளையும் சோதிக்கச் சொன்னார். நாலு மருந்தும் அவள் சிறுநீரில் இருந்தன.

"சிஸ்டர், நரம்பைச் சுட வேண்டாம். இந்தம்மாவை உடனே வார்டுல சேருங்க. இனி அவர் போடுற டீயை இவங்க குடிக்கக் கூடாது."