முதலாளியின் பெனால்டி

சைக்கிளில் மீன் விற்றுத் தொடங்கி நான்கு ஐஸ் கம்பெனிகளுக்கு முதலாளியான கிளீட்டஸ், இளவயதில் தன்னைச் சேர்த்துக்கொள்ளாத கால்பந்து கிளப்பையே விலைக்கு வாங்கினார். இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் பெனால்டி கிடைத்ததும், தானே ஜெர்சி அணிந்து இறங்கி, கேப்டனிடமிருந்து பந்தை வாங்கி உதைத்தார். அது மெதுவாகத்தான் உருண்டது. எதிரணி கோல்கீப்பர் அசையவில்லை. கோல் விழுந்தும் யாரும் கைதட்டவில்லை.

கிளீட்டஸ் கோல்கீப்பரின் அருகே போனார். “ஏம்ல பாயல?”

“அப்பா உங்க கம்பெனியிலதான ஐஸ் உடைக்காரு, முதலாளி.”

வலைக்குள் குனிந்து பந்தை எடுத்துவந்து, பழைய இடத்திலேயே மறுபடி வைத்தார்.

“உங்கப்பன ஒண்ணும் செய்யமாட்டேன். இந்தத் தடவ நீ பாயணும், லே.”

ஆட்டம் முடிந்ததென்று நடுவர் விசில் ஊதினார். கூட்டம் எழுந்து போய்க்கொண்டிருந்தது. கோல்கீப்பர் கையுறைகளைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கைகட்டி நின்றான்.