மூன்றாவது தடவை

"இண்டைக்கு ஃபோன் படமெடுக்க மட்டும் எண்டு ஆர் சொன்னது?" பவதாரணி கேட்டாள்.

"நான்தான்." ஜெயரூபன் சட்டென்று திரையை மறைத்தான்.

நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்து நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு வந்தபின் இது மூன்றாவது தடவை. ஒரு வருடமாகக் கேட்டுக் கேட்டு வந்த மகள் ஆரபி, சறுக்கிலிருந்து கையசைத்தபோதும் அவன் ஃபோனுக்குள்தான் இருந்தான்.

"ஆரோடை இந்த ஒளிப்புக் கதை?"

"ஒருத்தரும் இல்லையப்பா."

"அப்ப தாங்கோ பாப்பம்."

அவன் தயங்கினான். அவள் பறித்துவிட்டாள்.

திரையில் கடல். அதன்மேல் காற்றைக் காட்டும் சிவப்பு அம்புகள். மேலே, பத்து மணிக்குப் படகுக்காரர் அனுப்பிய செய்தி: 'காத்து எழும்புது. பன்னிரண்டு மணிப் படகுதான் கடைசி.'

இப்போது ஒன்றரை.

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீர் பிள்ளையை ஈரத்தோடை இழுத்துக்கொண்டு துறைக்கு ஓடியிருப்பீர். காத்து தணியுதோ எண்டுதான் பாத்தனான். தணியேல்லை."

"இரவு எங்கை படுக்கிறது?"

"அக்கா வீட்டிலை. சொல்லிப்போட்டன்."

அவள் பதில் சொல்வதற்குள் ஆரபி சொட்டச் சொட்ட ஓடிவந்தாள். "அம்மா, படகுக்கு நேரமாச்சோ?"

பவதாரணி ஃபோனை அணைத்துத் தன் கைப்பைக்குள் போட்டாள்.

"இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கு. போய்ச் சறுக்கு. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ."