துணைக்குப் போனவள்

"இந்தச் சம்பந்தம் வேண்டாம். நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

அண்ணன் அந்தக் கவரை மேஜைமேல் விட்டெறிந்தான். சார்ஜர் தேடித் தங்கையின் அலமாரியைத் திறந்தவன் கையில் அது சிக்கியிருந்தது. உள்ளே, அவளுக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளையின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். எச்.ஐ.வி., இன்னும் சில பால்வினை நோய்கள். எல்லாவற்றுக்கும் எதிரே 'இல்லை'.

"இல்லைன்னுதானே போட்டிருக்கு?" என்றாள் தங்கை. பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனிஸ்ட். வேலைக்குக் கிளம்பி, கைப்பையோடு நின்றிருந்தாள்.

"ஒழுங்கா இருக்கறவன் எதுக்கு டெஸ்ட் எடுக்கறான்? கண்ணாடிக் கடை வச்சிருக்கான், சாதுன்னு நெனச்சேன். எங்கெங்க மேய்ஞ்சானோ."

"நான்தான் எடுக்கச் சொன்னேன்."

அண்ணன் கவரை மறுபடி எடுத்துப் பார்த்தான்.

"கேக்கவே கூச்சமா இருந்துது. தப்பா நினைப்பாரோன்னு பயந்தேன். அவர் முகம் கோணல. மறுநாளே எடுத்துட்டு வந்து கொடுத்துட்டார்."

"ஒரு ஆம்பளையைப் பார்த்துக் கேக்கற கேள்வியா இது? என்னை ஒருத்தி கேட்டிருந்தா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும்."

லிஃப்ட் மெக்கானிக் அவன். மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. அவனுடைய யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி பக்கம் திரும்பினான்.

"கல்யாணமாகி ரெண்டு வருஷம். இவ கேட்டாளா? அதுதான் நம்பிக்கை."

அவள் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள்.

"நானும்தான் எடுத்தேன். அவரை மட்டும் எடுக்கச் சொன்னா நியாயமா?" என்றாள் தங்கை. "அண்ணிதான் துணைக்கு வந்தாங்க."

"நீயும் இதுக்குக் கூட்டா?" என்று மனைவியிடம் பாய்ந்தான்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உனக்கு நேரமாச்சு. நீ கிளம்பும்மா. நான் பேசிக்கறேன்."

தங்கை கிளம்பினாள். வெளியே கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் மனைவி பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"போன மாசம் ஊர்லேருந்து வந்தீங்களே, உங்க சட்டைப் பையில ஒரு டாக்டர் சீட்டு இருந்துது. எந்த நோய்க்கு ஊசி போட்டாங்கன்னு அதுல எழுதியிருந்துது."

அவனுக்குக் காது மடல் வரை சுட்டது. ஆணுறையெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு என்று வெளியூரில் கூட்டாளிகளோடு சிரிப்பவன். ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விலகியும் படுக்கவில்லை.

"உனக்கு..." என்று ஆரம்பித்தான். தரையைப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லைன்னுதான் வந்திருக்கு."

சட்டையை மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

"அவளுக்குத் துணையா நான் போனேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. உண்மையில அவதான் எனக்குத் துணையா வந்தா. அது அவளுக்குத் தெரிய வேண்டாம். உங்களை ரொம்ப நல்லவர்னு நம்பிக்கிட்டிருக்கா."