கரகரத்த துவக்கு

"வடிவாத் துடையுங்கோ அப்பா. ஒரு பொட்டு அடையாளமும் மிஞ்சக்கூடாது" என்றாள் ஞானாம்பிகை, உள் அறைக் கதவைப் பார்த்தபடி.

சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் வேட்டைத் துவக்கைக் கிடத்தியிருந்தான் அவள் புருசன் பத்மநாதன். உள்ளே, வீட்டுக்காரக் கிழவர் சிஞ்ஞோரின் குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் வேலை முடிய வேண்டும்.

"மனுசன் எழும்பினால் எழும்பட்டுமே. அவர் சொல்லித்தானே திருத்திறன்."

"கையைப் பாத்து வேலையைச் செய்யுங்கோ. கெதியா!"

இந்த வீட்டில் அவள் வேலைக்கு வந்து நாலு வருடம். முதல் நாளே சிஞ்ஞோர் சொல்லிவிட்டார்: "வீட்டிலை எதையும் துடை. துவக்கை மட்டும் தொடாதை. தொட்டால் அண்டோடை வேலை முடிஞ்சுது." துவக்குக் கடைக்காரனைத் தவிர ஒருவரிடமும் அதைக் கொடுத்தறியாத அதே மனுசன், நேற்று, "சத்தம் போடுது, உன்ரை புருசன் பாக்கட்டும், கடைக்கு வேண்டாம்" என்றபோதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. தன்னைச் சோதிக்கிறாரோ?

பத்மநாதன் இத்தாலியில், பலெர்மோ நகரின் போர்கோ வெக்கியோப் பகுதியில் தையல் மெசின் திருத்துகிறவன். துவக்கு அவனுக்குப் புதிது, சத்தம் புதிதல்ல. தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, கைப்பிடியைத் தூக்கி, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைப் பின்னே இழுத்தான். சத்தமில்லை. முன்னே தள்ளினான். சோற்றுக்குள் கல் கடிபட்டதுபோல் கரகரத்தது.

"ஸ்பிரிங் எண்டால் கிறீச்செண்டும். இது அரைபடுற சத்தம். உள்ளுக்கை ஏதோ கிடக்கு."

"என்ன கிடக்கப்போகுது? எண்ணெயை விட்டு மூடுங்கோ."

"நீ என்ன, கள்ளனைக் கண்ட நாய் மாதிரி அங்கையும் இஞ்சையும் ஓடுறாய்? இரன் ஒரு இடத்திலை."

அவள் இருக்கவில்லை. ஜன்னலுக்குப் போனாள். மந்தரின் தோடம்பழத் தோட்டத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து அறைக் கதவில் காது வைத்தாள்.

பத்மநாதன் போல்ட்டை முழுதாகக் கழற்றி, குச்சியில் பஞ்சைச் சுற்றி அது ஓடுகிற பள்ளத்துக்குள் விட்டான். பஞ்சில் வெள்ளைத் தூள் அப்பி வந்தது. மூக்கருகே கொண்டுபோனவன் அப்படியே நிமிர்ந்தான்.

"இஞ்சேர்... இது திருநீறெல்லோ!"

ஞானாம்பிகை கதிரையில் இருந்துவிட்டாள்.

"ஆயுத பூசையண்டு எனக்கு இஞ்சைதானே வேலை. குசினி அலுமாரியிலை நான் வைச்சிருக்கிற போத்தில் திருநீறை, வேலை செய்யிற சாமானுக்கெல்லாம் பூசினனான். தும்புத்தடி, ஸ்திரிக்கைப்பெட்டி, உடுப்புத் தோய்க்கிற மெசின்... இதுவும் மேசையிலை கிடந்தது. வீட்டிலை உண்மையான ஆயுதம் இது ஒண்டுதானே? இதை விட்டிட்டுத் தும்புத்தடிக்குப் பூசினால் சரியோ?"

"விசரி! திங்கட்கிழமை மனுசன் வேலை ஒப்பந்தத்திலை கையெழுத்து வைக்கோணும். இல்லாட்டி இந்த நாட்டிலை இருக்கிறதுக்கான உன்ரை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கேலாது. தெரியுமோ?"

"அதுக்குத்தானே துடைக்கச் சொல்லுறன்!"

"எவ்வளவு பூசினனீ?"

"மூண்டு விரலாலை ஒருக்கா. மேலுக்கு."

"பொய் சொல்லாதை. ஒரு கரண்டி வந்திட்டுது, இன்னும் வருது."

"சத்தியமா அப்பா. மூண்டு விரல்."

"அப்ப மிச்சத்தை, துவக்கு குளிச்சுப்போட்டுத் தானே பூசினதோ?"

அழுக்குப் பஞ்சை இந்த வீட்டுக் குப்பை வாளியில் போடப் பயந்து, கைப்பைக்குள் அமுக்க ஞானாம்பிகை குசினிக்கு ஓடினாள். கைப்பையில் இடமில்லை, காலையில் சிஞ்ஞோர் தந்த காட்டுப்பன்றி இறைச்சிப் பொதி அதை அடைத்துக்கொண்டிருந்தது. போன வருடம் முழுக்க வேட்டையால் வெறுங்கையோடு வந்த மனுசன், ஆயுத பூசைக்குப் பிறகு மூன்று ஞாயிறாக ஒவ்வொரு பன்றியோடு வருகிறார். வேண்டாமென்றாலும் விடுகிறாரில்லை.

பஞ்சைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பியபோது, குறட்டை நின்றிருந்தது.

கதவு திறந்தது. சிஞ்ஞோர் காலுறையோடு வந்தார். பத்மநாதன் போல்ட்டை அப்போதுதான் பூட்டி முடித்திருந்தான்.

கிழவர் துவக்கை எடுத்தார். இழுத்தார், தள்ளினார். எண்ணெயில் வழுக்குவதுபோல் போய் வந்தது. சத்தமே இல்லை.

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே உற்றுப் பார்த்தார். பள்ளத்துக்குள் விரலை விட்டு எடுத்து, அந்த விரலையே பார்த்தார். முகம் விழுந்துபோனது.

"உள்ளுக்கை இருந்தது எங்கை?"

பத்மநாதன் வாய் திறக்குமுன் ஞானாம்பிகை முந்திக்கொண்டாள். "சிஞ்ஞோர், அவரிலை பிழையில்லை. நான்தான் தொட்டனான். பூசையண்டு ஒருக்கா. ஒரேயொருக்காத்தான். வேலையாலை நிப்பாட்டிப் போடாதையுங்கோ." பாதி இத்தாலியனிலும் பாதி தமிழிலுமாக வந்தது.

கிழவர் குசினிக்குள் போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

"முடிஞ்சுது" என்றான் பத்மநாதன் மெல்ல. "உடுப்பை எடு, போவம்."

சிஞ்ஞோர் திரும்பி வந்தார். கையில் அவளுடைய திருநீற்றுப் போத்தில். ஆயுத பூசைக்கு முதல்நாள் அவள் வாய்முட்ட நிரப்பிய போத்திலில், இப்போது அடியில் கொஞ்சம்தான் கிடந்தது.

மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"நாளைக்கு வேட்டை. நீயே பூசிவிடு, ஞானா. நான் பூசினால் கூடிப்போகுது."