எனக்குப் பிள்ளைகள் இல்லை

"ஓ... ஆய்... ஆ..."

"பிள்ளை அழுதது போதாதுன்னு நீயும் தொடங்கிட்டியாட்டி?"

சாலைக் கடைத்தெருவின் மிளகாய்வத்தல் கிடங்கிலிருந்து வேலை முடிந்து வந்த தங்கபாய், வாசலில் கால் கழுவிக்கொண்டே கேட்டாள்.

தம்பி மனைவி கலைச்செல்வி புத்தகத்தை மூடவில்லை. மூடினால் மறந்துவிடும்.

இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பாஷை தெரியாமல் எடுக்க மாட்டார்கள். அந்தப் பாஷையில் 'என்னிடம் உண்டு' என்கிற ஒரே வினை ஆளுக்கொரு வேஷம் போடுகிறது. எனக்கு ஓ, உனக்கு ஆய், அவளுக்கு ஆ. நேற்றைக்கு வேறு, நாளைக்கு வேறு, ஆசைப்பட்டால் வேறு, சந்தேகப்பட்டால் இன்னும் வேறு. "எந்த விதிக்கும் அடங்காது, நெட்டுருதான்" என்று வகுப்பில் சிஸ்டர் சொல்லிவிட்டார். கான்வென்ட்டில் படித்தவளுக்கு நெட்டுரு புதிதல்ல.

கேள்வி கேட்பது புருஷன் பிரஜின். கழக்கூட்டத்தில் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தபின் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் கிடக்கிறான்.

"எனக்கு நாளைக்கு இருக்கும்?"

"அவ்ரோ."

"எனக்கு இருந்தா நல்லாருக்கும்?"

"அவ்ரேய்."

"எனக்கு ஒரு மகன் இருக்கான்?"

"ஓ உன் ஃபில்யோ!"

இரண்டு வயது மகன் கை தட்டுவான். அவள் முதன்முதலாகப் பிழையில்லாமல் சொன்ன வாக்கியம் அதுதான்.

அதற்கும் வந்தது வினை. ஏஜென்ட் ஞானையன் போன் செய்தார்.

"மோளே, ஒரு காரியம் கேட்டோ. ஞாயிற்றுக்கிழமை இத்தாலி வீட்டம்மா வீடியோவுல பேசும். பிள்ளை உண்டான்னு கேட்டா இல்லன்னு சொல்லணும். கைப்பிள்ளைக்காரின்னா பாதியிலே ஊருக்கு ஓடிருவான்னு அவங்களுக்குப் பயம்."

"பொய்யில்லியா சார்?"

"தாள்ல எல்லாம் உள்ளது உள்ளபடிதான். வாயால ஒரு வார்த்தை. அவ்வளவுதானே?"

அன்றிலிருந்து 'நோன் ஓ ஃபில்யி.' எனக்குப் பிள்ளைகள் இல்லை. மற்ற எல்லாம் வந்தது, இது மட்டும் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது.

அதைவிடப் பெரிய பயம் தங்கபாய். பிள்ளை இல்லை என்று புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பியவள். கலைச்செல்வியின் மகனைப் பிறந்ததிலிருந்து ஒரு தரம்கூடத் தூக்கியதில்லை. காலைக் கட்டிக்கொள்ள வந்தால் நகர்ந்துகொள்வாள்.

"கையெல்லாம் வத்தல் காரம். பிள்ளை கண்ணுல பட்டிரும்."

ஞாயிற்றுக்கிழமை குளித்து, சர்ச்சுக்குப் போய் வந்த கையிலுமா காரம்?

"மதினி, நான் போனா நீங்கதானே இவனைப் பாக்கணும். இப்பவே கொஞ்சம் பழக்கினா என்ன?"

"போனப்புறம் பாத்துக்கிடலாம். இங்க இருக்கிறவரைக்கும் உன் பிள்ளைய நீயே தூக்கு. என்ட்ட ஒட்ட விடாதே."

பக்கத்து வீட்டுப் பத்மஜா காதைக் கடித்தாள். "எல்லாம் பொறாமைதான். அந்தக் கையில பிள்ளைய விட்டுட்டு நீ எப்படிப் போவே?"

விட்டுப் போக வேறு கை இல்லை.

ஞாயிறு மதியம். மகனைப் பிரஜினின் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, கலைச்செல்வி முன்னறையில் போனைச் செம்பில் சாய்த்து வைத்தாள். தங்கபாய் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

திரையில் கறாரான முகம். சமைப்பாயா, ராத்திரி கண்விழிப்பாயா, நோயாளியைத் தூக்குவாயா. கேட்கக் கேட்க வினைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"பிள்ளைகள் உண்டா?"

"நோன்..." போனை நிமிர்த்தினாள். "நோன் ஓ ஃபில்யி."

"ஆய்! ஆ!" என்று உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது. 'ஓ' கேட்டால் அடுத்ததைச் சொல்லிப் பழகியிருந்தவன், கட்டிலைவிட்டு இறங்கி ஓடிவந்தான். பிரஜின் நீட்டிய கைக்கு அகப்படவில்லை.

"அம்மா!"

அந்தச் சொல்லை யாரும் யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

திரையில் புருவம் உயர்ந்தது. "யாருடைய குழந்தை அது?"

கலைச்செல்விக்கு ஒரு வினையும் வரவில்லை. நேற்றைக்கு உள்ளதும் இல்லை, நாளைக்கு உள்ளதும் இல்லை. மகன் அவள் முழங்காலைப் பிடித்து ஏறப் பார்த்தான்.

அடுக்களையிலிருந்து தங்கபாய் வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு திரைக்கு நேரே குனிந்தாள்.

"ஓ உன் ஃபில்யோ."

எனக்கு ஒரு மகன் இருக்கிறான். தினமும் காதில் விழுந்த பாடம்; ஓர் எழுத்துப் பிசகவில்லை.

அந்தக் கறாரான முகம் இளகியது. அழகான பிள்ளை என்றது. அடுத்த மாதமே புறப்பட்டு வரலாம் என்றது.

போன் அணைந்தது.

"குடுங்க மதினி." கலைச்செல்வி கை நீட்டினாள்.

தங்கபாய் கொடுக்கவில்லை. பிள்ளை அவள் தோளில் கன்னத்தை வைத்து, கழுத்துச் செயினை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அவள் விரல்கள் அவன் முதுகில் பதிந்திருந்தன. கலைச்செல்வி ஓரடி முன்னே வந்தாள்.

"மதினி..."

தங்கபாய் மெல்ல அவன் வாயிலிருந்து செயினை உருவினாள். பிள்ளையைத் தாயின் கையில் வைத்துவிட்டு, சட்டென்று இரண்டடி பின்னால் போனாள்.

"இதுக்குத்தாம்ட்டி இத்தனை நாளா இவனைத் தொடாம இருந்தேன்" என்றாள். "நீ திரும்பி வரும்போ நான் குடுக்கணும்லா?"