எல்லாம் தெரிந்த கேமரா

நோயாளியின் வயிறு திறந்திருந்தது. சர்ஜன் பார்த்ததோ திரையை.

"மனுஷக் கண்ணுக்குத் தெரியாத நிறமெல்லாம் இந்தக் கேமராவுக்குத் தெரியும் சார். படம் மங்கலா வந்தாலும் எங்க சாஃப்ட்வேர் பளிச்சுனு ஆக்கிடும்," என்று மார்தட்டினார் என்ஜினியர்.

திரையில் குடல் பச்சைப்பசேலென்று மின்னியது. பச்சை என்றால் ரத்த ஓட்டத்துக்குக் குறையில்லை என்று அர்த்தம்.

"அடேங்கப்பா! குடலை வெட்ட வேண்டிய அவசியமே இல்ல. தைச்சு மூடிடலாம்," என்றார் சர்ஜன்.

"நேர்ல பார்த்தா கறுத்துக் கிடக்கே சார்," என்றார் நர்ஸ்.

சர்ஜனுக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, இவ்வளவு பெரிய மெஷினுக்குத் தெரியாதது உங்க ரெண்டு கண்ணுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"அப்படி இல்ல சார்," என்ற நர்ஸ் கேமராவைக் காட்டினார். "அதோட மூடியை இன்னும் யாரும் கழட்டவே இல்ல."